கம்ப்யூட்டரில் விளைந்த உப்பு

என் வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் எடுத்துவருகிற கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, சிடியாக்கிக் கொடுப்பது என் வேலை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழுந்து வந்து கும்பிடுவார்கள் பாருங்கள், 2005இல் மரக்காணத்தைச் சுற்றி நடந்த கல்யாணங்களில் அந்தத் தாமரை பெரும்பாலும் என்னுடையதுதான்.

கடை கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஊர் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேலே சிமெண்ட் ஷீட். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், காற்றோடு உப்பும் வரும். புதுக் கத்தரிக்கோல் மூன்று மாதத்தில் வாயைத் திறக்க மறுக்கும். ஜன்னலைச் சாத்தினால் சாயங்காலத்துக்குள் நாங்களே வெந்துவிடுவோம். எந்தப் பாவத்தைச் செய்வது என்று தினமும் காலையில் ஒருமுறை முடிவெடுப்போம்.

வெட்டி ஒட்டுகிற வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் தன் பங்குக்கு அத்தனையையும் சிடிக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும். அதற்கு ரெண்டரிங் என்று பெயர். என் வீட்டுக்காரர் "மாவு அரைக்கிறது" என்பார். மூன்று மணி நேரக் கல்யாணத்தை அரைக்க எங்கள் கம்ப்யூட்டருக்கு எட்டு மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. வைகாசி முகூர்த்தங்களில் ஒரே வாரத்தில் ஐந்து கல்யாணம் வந்துவிட்டால் அலமாரியில் கேசட்டுகள் வரிசை கட்டி நிற்கும்.

நான் புதுச்சேரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். படிப்பில் சொல்லித்தராத ஒரு விஷயத்தை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரு இங்கிலீஷ் ஃபோரத்தில் படித்தேன். புரொசசருக்கு அதைச் செய்தவர்கள் எழுதிவைத்த வேகம் ஒன்று, அது நிஜமாக ஓடக்கூடிய வேகம் வேறொன்று. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வருகிற நீலத் திரைக்குள் போய் 166 என்று இருப்பதை 200 என்று மாற்றினால் போதும், அதே புரொசசர் தலைதெறிக்க ஓடும். ஓவர்கிளாக்கிங் என்று சொன்னார்கள். காசு செலவில்லை. எனக்கு அதற்கு மேல் படிக்கப் பொறுமையில்லை, ஓடிவந்து மாற்றினேன். எட்டு மணி நேரம் ஆறரை மணி நேரமானது.

நான் படிக்காமல் விட்ட அடுத்த பாராவில் சூட்டைப் பற்றி எழுதியிருந்ததாம்.

சித்திரை வெயிலில் அந்த ஷீட்டுக்குக் கீழே புரொசசர் எழுபத்தெட்டு டிகிரி காட்டியது. எண்பதைத் தொட்டதும் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. பெட்டியின் பக்கத்தைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வைத்தேன். எழுபத்தாறு. என் வீட்டுக்காரர் பெட்டியின் மேல் ஈரத்துணி போட்டார். அதை நான் பார்த்த வேகத்தில் எடுத்துவிட்டேன், ஆனால் அந்த ஈரத்துணிதான் எனக்கு யோசனை கொடுத்தது.

"ஏங்க, தண்ணியில குளிர வெச்சா என்ன?"

"கரண்டு ஓடற பொருள்மேல தண்ணி ஊத்தப் போறியா? நான் துணி போட்டதுக்கே அந்தக் கத்து கத்துன."

"மேல இல்லீங்க. உள்ள. குழாயில. வண்டிக்கு ரேடியேட்டர் இருக்குதே, அது மாதிரி."

அவர் கேமராவைத் துடைத்துக்கொண்டே, "நம்ம வண்டிக்கு ரேடியேட்டர் இல்ல, அது நல்லாத்தான் ஓடுது" என்றார். எங்களிடம் இருந்தது ஒரு மொபெட்.

ஃபோரத்தில் ஆளாளுக்குத் தங்கள் தண்ணீர்க் குழாய்களைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அவர்கள் சொன்ன சாமான் ஒன்றும் விழுப்புரம் மாவட்டத்தில் கிடைக்காது. நானே ஒரு படம் வரைந்துகொண்டு திண்டிவனத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். வேண்டியது இதுதான்: தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய செம்புக் கட்டி, உள்ளே வளைந்து வளைந்து தண்ணீர் ஓட வழி, மேலே இரண்டு மூக்கு. ஒரு மூக்கில் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும், இன்னொன்றில் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும்.

லேத்துக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த வண்டிக்கும்மா?"

"வண்டிக்கு இல்லீங்க, கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டர்ல இன்ஜின் இருக்குதா?"

நான் விளக்கினேன். அவர் பாதியிலேயே கையமர்த்தினார். "புரியுது, புரியுது. இது இன்ஜின் ஹெட்டு. தண்ணி ஓடற ஹெட்டு. எத்தன ஹெச்.பி.?"

"1.8 ஜிகாஹெர்ட்ஸ். இப்ப 2.2."

"அது எத்தன ஹெச்.பி. வரும்?"

எனக்குத் தெரியவில்லை. "சின்னதுதாங்க" என்றேன். "அப்ப கால் இன்ச்சு தடுப்பு போதும்" என்று அவர் திருப்தியாக வேலையைத் தொடங்கினார். இன்றைக்கு நினைத்தாலும் சொல்வேன், அந்த மொத்த ஏற்பாட்டில் கடைசிவரை பழுதில்லாமல் இருந்தது அவர் செய்த கட்டி ஒன்றுதான்.

தண்ணீரைச் சுற்றவிட மோட்டார் வேண்டும். புதுச்சேரியில் மீன் தொட்டிக் கடைக்கு என் வீட்டுக்காரரை அனுப்பினேன். கடைக்காரர் எத்தனை மீன் என்று கேட்க, இவர் மீனே இல்லை என்று சொல்ல, "மீனில்லாத தொட்டிக்கு மோட்டார் எதுக்குங்க?" என்று அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். கடையில் நாலு பேர் வேறு திரும்பிப் பார்த்தார்களாம். இவர் வெட்கப்பட்டுப்போய் இரண்டு தங்க மீன் இருப்பதாகப் பொய் சொல்லி, மோட்டாரோடு ஒரு டப்பா மீன் தீனியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மிச்சமிருந்தது ரேடியேட்டர். அதற்கு நான் கண்டுபிடித்த வழி மலிவானது. என் மாமனார் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர், போர் போட்டபோது மிச்சமான ஆறு அங்குலப் பிளாஸ்டிக் குழாய் நாலடி நீளத்துக்கு வீட்டுப் பின்பக்கம் கிடந்தது. அதைக் கடை மூலையில் நிமிர்த்தி வைத்தேன். மேல் வாயில் குளியலறை ஷவர் பூ. கீழே ஒரு பக்கெட். குழாயின் அடிப்பக்கம் ஒரு ஓட்டை போட்டு அதில் ஒரு சின்ன ஃபேன். புரொசசரிடமிருந்து சூடாக வருகிற தண்ணீர் ஷவர் வழியாக மழையாகக் கொட்டும். கீழேயிருந்து காற்று ஏறும். தண்ணீரில் கொஞ்சம் ஆவியாகிப் போக, மிச்சம் குளிர்ந்து பக்கெட்டில் விழும். மோட்டார் அதைத் திரும்பக் கட்டிக்கு அனுப்பும். பானைத் தண்ணீர் குளிர்கிற கணக்குத்தான், கொஞ்சம் சத்தத்தோடு.

கம்ப்யூட்டரைப் போடாமல், கீழே தினத்தாள் விரித்து, ஒரு பகல் முழுக்க வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தேன். சொட்டு விழவில்லை. மறுநாள் சாமி கும்பிட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். என் வீட்டுக்காரர் வாசற்படிக்கு வெளியே, ரோட்டில் நின்று பார்த்தார். அரை மணி நேரம் கழித்தும் வெடிக்காததால் உள்ளே வந்தார். திரையில் நாற்பத்தாறு டிகிரி. எழுபத்தெட்டிலிருந்து நாற்பத்தாறு! கடைக்குள் ஒரு சின்ன அருவிச் சத்தம் வேறு. சிடி வாங்க வந்தவர்கள் "குளுகுளுன்னு இருக்குதே" என்று கூடுதலாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பு என்பதால் நான் அதைத் தொடவில்லை. என் பிறந்த ஊர் கிளியனூர். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அப்பா வாரம் ஒருமுறை நாலு கேன் கொண்டுவந்து இறக்குவார். ஆவியாகிக் குறைகிற அளவுக்கு தினமும் பக்கெட்டில் ஊற்றுவேன்.

இங்கேதான் என் மாமனார் வருகிறார்.

மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். முதல் நாள் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். முகத்தில் அடித்த சாரலைத் துடைத்துக்கொண்டு, "இத்த நீயாம்மா செஞ்ச?" என்றார்.

"ஆமாங்க மாமா."

"தண்ணிய காத்துல காய வுடற. நாங்க பாத்தியில படுக்க வெச்சு செய்யறத நீ நிக்க வெச்சு செய்யற." அதுவரை என் வேலையைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. "டிகிரி படிச்சவ படிச்சவதான்."

எனக்கு அந்த ஒரு பாராட்டு ஒரு வாரத்துக்குத் தாங்கியது.

மறுநாளிலிருந்து அவர் வரும்போது கையில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. தண்ணீரில் விட்டால் அது நிமிர்ந்து மிதக்கும், பக்கத்தில் கோடுகள் போட்டிருக்கும். உப்பளத்தில் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் 'டிகிரி' சொல்வார்கள். அந்த டிகிரிக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. தண்ணீரில் எவ்வளவு உப்பு கனத்திருக்கிறது என்பதற்கான அளவு அது. கடல் தண்ணீர் மூன்று டிகிரி. பாத்தியில் காயக் காய ஏறிக்கொண்டே போய், இருபத்தைந்தில் உப்பு இறங்கும். மரக்காணத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். நான் கிளியனூர்க்காரி, எங்கள் பக்கம் நெல்லும் கரும்பும்தான். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அளத்துப் பக்கம் போனதே இல்லை. எனக்கு டிகிரி என்றால் ஒன்று பட்டம், இன்னொன்று சூடு.

ஒருநாள் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது மாமனார் மிகவும் சந்தோஷமாக, "தண்ணி பத்தொம்போது டிகிரிம்மா" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. வெளியே முப்பத்தெட்டு டிகிரி வெயில், என் பக்கெட்டில் பத்தொன்பது! "நெசமாவா மாமா?"

"நானே உட்டுப் பாத்தன்."

அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போய், என் குழாய் ஷவர் ஏற்பாடு தண்ணீரைப் பத்தொன்பது டிகிரிக்கு இறக்குகிறது என்று ஃபோரத்தில் எழுதினேன். பனி பெய்கிற ஏதோ நாட்டிலிருந்து ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார். கடலோர ஈரக் காற்றில் இந்த முறையில் தண்ணீர் இருபத்தேழுக்குக் கீழே இறங்க வழியே இல்லை, உங்கள் தெர்மாமீட்டர் பழுது என்று கணக்கோடு எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மாமனார் முப்பது வருஷமாகத் தண்ணீர் அளப்பவர் என்று பதில் எழுதிவிட்டு எழுந்து வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மாமனார் "இருவத்தி ஒண்ணு" என்றார். அதற்கடுத்து "இருவத்தி ரெண்டரை."

எனக்குக் கவலையானது. "ஏறுதே மாமா."

"ஏறணும் இல்ல?" என்றார் அவர்.

அவர் என்னைத் தேற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் சூடாகிறது, காற்று போதவில்லை என்று முடிவுகட்டி இன்னொரு ஃபேனை வாங்கிக் குழாயில் வைத்தேன். மாமனார் அதைப் பார்த்து என்னைவிடச் சந்தோஷப்பட்டார். "இப்ப பாரு, ஜம்முனு ஏறும்." ஏறியது. நான் ஃபேனின் வேகத்தைக் கூட்டினேன். இன்னும் ஏறியது. இப்படி மாமனாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் ஒரே பக்கெட்டை இழுத்துக்கொண்டிருந்தோம்.

கிளியனூர்த் தண்ணீர் எப்படி உப்பாகக் கனக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அது எனக்குக் கடைசி நாளில்தான் தெரிந்தது.

அந்தக் கடைசி நாள் வைகாசி கடைசியில் வந்தது. பிரம்மதேசத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக் கல்யாணம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை, லீவு முடிந்து அன்றைக்கு விமானம். மெட்ராஸுக்குப் போகிற கார் நாலு மணிக்கு எங்கள் கடை வாசலில் நின்று சிடியை வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஏற்பாடு. சிடி இரண்டு நாள் முன்பே தயார். நான் நிம்மதியாகக் கடையைத் திறந்தேன்.

எட்டு மணிக்குப் பெண்ணின் தாய்மாமன் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் என் சிடி. பெண் வீட்டுக்கென்று நான் முன்பே கொடுத்திருந்த பிரதி, முந்தின நாள் சாயங்காலம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"ஏம்மா, என் சீர்வரிசைய எங்க?"

"வருதேண்ணா. மேளத்தோட."

"ரெண்டு நிமிசம் வருது. நான் கொண்டுபோனது எத்தன தட்டு தெரியுமா? அம்பத்தோரு தட்டு. உன் சிடியில எண்ணிப் பாத்தன், பதினாலு. மிச்ச முப்பத்தேழ நான் வழியில தின்னுட்டனா? மாப்ள சிங்கப்பூர்ல நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவாரு. பொண்ணோட தாய்மாமன் பதினாலு தட்டோட வந்தான்னு சிங்கப்பூர் முழுக்கப் பேசமாட்டாங்க?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஐம்பத்தோரு தட்டையும் விடாமல் படம்பிடித்திருந்தார். பதினொரு நிமிஷம். வெட்டியது நான். பிளாஸ்டிக் பேசின் வைத்த தட்டுகள் மட்டும் அதில் ஒன்பது.

வேறு வழியில்லை. பதினொரு நிமிஷத்தையும் சேர்த்து, ஒன்பது மணிக்கு முழுக் கல்யாணத்தையும் மறுபடி அரைக்கப் போட்டேன். ஓவர்கிளாக் வேகத்தில் ஆறரை மணி நேரம், மூன்றரைக்கு முடியும். எழுதின வேகத்தில் ஓட்டினால் ஐந்து மணிக்கு மேல்தான், விமானம் போய்விடும். தாய்மாமன், "முடியற வரைக்கும் நான் இங்கதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் ஒரு மணிக்கு மாமனார் வந்தார். கண்ணாடிக் குழாயைப் பக்கெட்டில் விட்டார். "இருவத்தஞ்சு" என்று அவர் சொன்ன குரலில் ஒரு கோயில் மணி இருந்தது. அதே நேரத்தில் அருவிச் சத்தம் நின்றது.

திரையைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. குழாய்க்குள் டார்ச் அடித்தேன். ஷவர் பூவின் அத்தனை ஓட்டையிலும் வெள்ளை வெள்ளையாகப் பல் முளைத்திருந்தது. குழாயின் உள்சுவர் முழுக்க மினுமினுப்பு. பக்கெட்டின் அடியில் கையை விட்டால் நறநறவென்று கல். மீன் தொட்டி மோட்டார் கல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"மாமா, இது இன்னாது?"

"உப்பு" என்றார் மாமனார். அதை நான் கேட்டதே அவருக்கு ஆச்சரியம். "இருவத்தஞ்சுல எறங்கும்மா. உனக்குத் தெரியாதா?"

"கிளியனூர்த் தண்ணியில எப்படி மாமா உப்பு?"

"அது கிளியனூர்த் தண்ணி இல்லியே." அவர் கொஞ்சமும் குற்ற உணர்ச்சியில்லாமல் சொன்னார். "குடிக்கிற தண்ணிய போயி யாராவது மெஷினுக்கு ஊத்துவாங்களா? அத்த வீட்டுக்கு டீக்கு எடுத்துகினு போயிட்டு, பதிலுக்கு அளத்துலேர்ந்து பாதி காய்ஞ்ச தண்ணி கொண்டாந்து உன் கேன்ல ஊத்தினன். கனமான தண்ணி. சூட்ட நல்லா இழுக்கும்."

இரண்டு வாரமாக எங்கள் வீட்டு டீ அவ்வளவு ருசியாக இருந்த காரணம் அப்போது விளங்கியது. நான் மாமியாரிடம் டீத்தூள் மாற்றினீர்களா என்றுகூடக் கேட்டிருந்தேன்.

அறுபத்தொன்று.

என் வீட்டுக்காரர், "நிறுத்திடு" என்றார். தாய்மாமன், "நிறுத்துனா?" என்றார். நிறுத்தினால் ஐம்பத்தோரு தட்டும் போச்சு. நான்கு மணி நேரம் அரைத்த மாவு வீண்.

அந்த நிமிஷத்தில் எனக்கு மூளை எப்படி வேலை செய்தது என்று எனக்கே தெரியாது. மோட்டார்தான் செத்தது, கட்டிக்கு வேண்டியது ஓடுகிற தண்ணீர் மட்டும். கேமரா பெட்டிகள் வைக்கிற லாஃப்டை ஒழித்து, அங்கே ஒரு பக்கெட்டை ஏற்றச் சொன்னேன். மோட்டாரிலிருந்து டியூபைப் பிடுங்கி மேலே இருந்த பக்கெட்டுக்குள் போட்டேன். கட்டியிலிருந்து வெளியே வரும் டியூபைத் தரையில் இருந்த இன்னொரு பக்கெட்டுக்குள் விட்டேன். மேலே இருந்து கீழே தானாக இறங்கும் தண்ணீர் வழியில் சூட்டை வாங்கிக்கொண்டு போகட்டும். பக்கத்து டீக்கடையில் இரண்டு கேன் குடிதண்ணீர் வாங்கி வந்தோம்.

"வாயால ஒரு இழு இழுங்க" என்று டியூபின் நுனியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். டியூபுக்குள் பழைய தண்ணீர் மிச்சமிருந்தது என் நினைவில் இல்லை. இருபத்தைந்து டிகிரித் தண்ணீர் ஒரு வாய். அவர் முகம் போன போக்கை வீடியோ எடுக்க ஆளில்லை, எடுக்கிறவரே அவர்தானே.

ஆனால் தண்ணீர் இறங்கியது. அறுபத்தெட்டு வரை போன எண் அங்கேயே நின்றது, யோசித்தது, பின் இறங்கத் தொடங்கியது.

ஒரு பக்கெட் எட்டுப் பத்து நிமிஷத்தில் காலியானது. கீழே நிறைந்ததை மேலே ஏற்றி, மேலே காலியானதைக் கீழே வைக்க வேண்டும். முதல் பக்கெட்டை மாமனார் தூக்கினார். இரண்டாவதைத் தூக்க அவர் குனிந்தபோது தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"உடுங்க பெரியவரே. என் சீருக்கு நான் தூக்கறன்."

அப்புறம் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். தூக்கிக்கொண்டே சண்டை போட்டார்கள்.

"உப்புத் தண்ணிய ஊத்தி என் வீட்டுக் கல்யாணத்தயே கெடுக்கப் பாத்தீங்களே."

"உப்பில்லாம உன் கல்யாணத்துல சாம்பார் வெச்சியா?"

"நாங்க நல்ல தண்ணியில பயிர் வெக்கிறவங்க. கழனியில உப்பு ஏறுனா மண்ணே செத்துடும், தெரியுமா?"

"மண்ணு சாவும், கம்ப்யூட்டர் சாவுமா? தோ ஓடுது பாரு."

"என்னாலதான் ஓடுது!"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுபது சதவீதம். எழுபத்தைந்து. எண்பத்திரண்டில் அந்தப் பதினொரு நிமிஷ சீர்வரிசை ஒவ்வொரு தட்டாகத் திரையில் நகர, பக்கெட்டோடு நின்ற தாய்மாமன் அப்படியே எண்ணத் தொடங்கிவிட்டார். "அண்ணா, பக்கெட்டு!" என்று நான் கத்த வேண்டியிருந்தது. ஒருமுறை தண்ணீர் தளும்பி அவர் சட்டையெல்லாம் நனைந்தது. அதற்குப் பிறகு சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பனியனோடு தூக்கினார். என் வீட்டுக்காரர் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

மூன்று ஐம்பதுக்கு நூறு சதவீதம். சிடி எழுதி முடிந்து தட்டு வெளியே வந்தபோது வாசலில் கார் ஹாரன் கேட்டது. மாப்பிள்ளை இறங்கி உள்ளே வந்தார். பெண்ணின் தாய்மாமன் ஈர வேட்டியும் பனியனுமாக, கையில் பக்கெட்டோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"இன்னா மாமா, இங்க இன்னா பண்றீங்க?"

தாய்மாமன் பக்கெட்டைக் கீழே வைத்தார். கௌரவத்தைத் திரட்டிக்கொண்டு, "சிடி போடறோம்" என்றார்.

அவர்கள் போன பிறகு நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வந்தது சிரிப்பு. மாமனார் குழாயைப் படுக்கவைத்து, ஒரு கரண்டியால் உள்சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு கை கொள்ளும் அளவுக்கு உப்பு தேறியது. செம்புக் கட்டியின் புண்ணியத்தில் லேசாகப் பச்சை அடித்தது. அதை வாயில் போடக்கூடாது என்று நான் சொல்லிமுடிப்பதற்குள் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, துப்பினார். "தரம் மட்டம். ஆனா கல்லு நல்லா கட்டியிருக்குது." ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அளத்தில் அதை நாலு பேருக்குக் காட்டியிருக்கிறார். அடுத்த ஒரு மாதம் சிடி வாங்க வந்தவர்களெல்லாம், "உங்க கடையில கம்ப்யூட்டர்ல உப்பு விளையுதாமே?" என்று கேட்டார்கள்.

நான் குழாயைக் கழற்றிவிட்டேன். 200ஐத் திரும்ப 166 ஆக்கினேன். ஆனாலும் இரண்டு வாரத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தால் மதர்போர்டு முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அந்த அருவி இரண்டு வாரமாக அறையெங்கும் உப்புச் சாரலைத் தூவியிருக்கிறது, குளுகுளுவென்று இருக்கிறது என்று உட்கார்ந்தவர்கள் மேலும்தான்.

நானும் என் வீட்டுக்காரரும் பஸ்ஸில் மடியில் வைத்து அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். ரிப்பேர்க் கடைக்காரர் மூடியைக் கழற்றினார். போர்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "எந்த ஊருங்க?"

"மரக்காணம்."

அவர் குரல் மாறிவிட்டது. "அலையில போனதா?"

சுனாமி அலை வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் கடை மேட்டில் இருந்ததால் தப்பியது. குப்பத்தில் பல வீடுகளில் படகும் வலையும் வீடும் போன வரிசையில் நாங்கள் போட்டுக்கொடுத்த கல்யாண சிடியும் போயிருந்தது. தை, மாசி முழுக்கப் பழைய கேசட்டுகளைத் தேடி எடுத்து அவற்றை மறுபடி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். சிலர் சிடியை வாங்கி, யாரையோ ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்வார்கள்.

"இந்த மாதிரி நெறய வந்துச்சு" என்றார் கடைக்காரர். "உங்க ஊருக்காரங்ககிட்ட நான் கூலி வாங்கறதில்ல. உட்டுட்டுப் போங்க."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது மடல் சுட்டது.

"இல்லீங்கண்ணா. அலை வரல. நாங்களே ஊத்தினது."

"எத்த?"

"உப்புத் தண்ணிய. குளிர வெக்கறதுக்கு. எங்க மாமனார்."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். கோபப்படுவார், வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். செம்புக் கட்டி உட்கார்ந்திருந்த தடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஓவர்கிளாக்கா?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"எவ்ளோ எறங்குச்சு?"

"எழுபத்தெட்டுலேர்ந்து நாப்பத்தாறு."

அவர் உள்பக்கம் திரும்பி, "டேய், ஒரு பேப்பர் எடுத்துகினு வாடா" என்று கத்தினார். பேனாவை என் பக்கம் நீட்டினார். "கூலி உண்டு. ஆனா மொதல்ல வரைஞ்சு காட்டுங்க."

என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு டீ குடிக்க வெளியே போனார். நான் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் பக்கெட்டை வரைந்தேன்.